இடித்த மாளிகையும் எஞ்சிய படங்களும்

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த எல்லோருக்கும் றொபேட் ஹூக் என்ற பெயர் நினைவிருக்கும். நுணுக்குக்காட்டியில் தக்கைத் துண்டொன்றை நோக்கி, அதில் கண்ட சிற்றறைகளுக்குக் 'கலம்' எனப் பெயரிட்டவர் அவர். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய 20 வருடங்கள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவரும் அவரே. அவர் கட்டடக் கலைஞருமாவார் என்பதை வைத்தியராகிப் பல வருடங்களின் பின்னரே அறிந்தேன்.

இலண்டன் புளூம்ஸ்பரியில் ரால்ஃப் மொன்டேகு என்னும் பிரபுவுக்காக 1670களில் ஹூக் அமைத்தது மொன்டேகு மாளிகை. 1686இல் அது தீக்கிரையாகி, மீண்டும் எழுப்பப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சட்டன் நிக்கல்ஸ் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் இந்த இரண்டாவது மாளிகையையே காட்டுகிறது. உயரத்திலிருந்து பறவை பார்ப்பது போன்ற காட்சி அது. கட்டடத்தின் கம்பீரமே அங்கு முதன்மை பெறுகிறது.

1753இல் சேர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர் காலமானார். வாழ்நாளெல்லாம் அவர் சேர்த்த நூல்களையும் அரும்பொருள்களையும் அவரது பிள்ளைகளுக்கு 20,000 பவுண் கொடுத்துப் பாராளுமன்றம் பெற்றுக்கொண்டது. அவற்றை வைப்பதற்காக வாங்கப்பட்ட இம்மாளிகை, 1759 ஜனவரி 15ஆம் திகதி பிரித்தானிய நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. கட்டணம் இல்லை. எனினும் ஆரம்பத்தில் எழுத்தில் விண்ணப்பித்து அனுமதிச் சீட்டுப் பெற்றே உள்ளே செல்லலாம்.

அதன் பின்னர் வந்த படங்களில் மனிதர்கள் நிறைகின்றனர். 1780இல் இலண்டனில் கலவரம் மூண்டபோது மாளிகைத் தோட்டத்தில் கூடாரமடித்திருந்த படையினரைப் போல் சான்ட்பி வரைந்து அச்சிட்டார். 1808இல் வெளிவரத் தொடங்கிய 'இலண்டனின் நுண்ணுலகம்' என்ற நூலில் ரோலண்ட்சனும் பியூஜினும் சேர்ந்து வரைந்த படம், மண்டபத்தையும் படிக்கட்டையும் பார்வையாளரையும் காட்டுகிறது. 1845இல் ஜோர்ஜ் ஷார்ஃப் தீட்டிய நீர்வர்ண ஓவியத்தில், அதே படிக்கட்டின் மேலே பாடம்செய்யப்பட்ட ஒட்டகச்சிவிங்கிகள் நிற்கின்றன. பிரபு வீட்டுப் படியில் சாதாரண மக்கள் ஏறிய காலத்தின் சாட்சி அது.

அந்தத் தசாப்தத்திலேயே புதிய நூதனசாலைக் கட்டடத்துக்காக மாளிகை இடிக்கப்பட்டது. அது எப்படி இருந்தது என்பதை இன்று இப்படங்களிலேயே காண்கிறோம். முகப்பை மட்டும் வரைந்திருந்தால், அங்கு யார் வந்தார்கள், எதைப் பார்த்து நின்றார்கள் என்பதைக் கண்டிருக்க மாட்டோம்.

இம்மலருக்காக எங்கள் வகுப்புத் தோழிகளிடம் பழைய படங்களைக் கேட்டபோது இதுவே என் நினைவுக்கு வந்தது. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை பாடசாலை முகப்பும் பிரதம விருந்தினரும்தான். நாங்கள் இருந்த விடுதிக் கட்டடம் இன்று இல்லை. இடப்பெயர்வுகளில் பலருடைய அல்பங்களும் போய்விட்டன. விடுதிச் சமையலறை, கிணற்றடி, எங்களுக்குச் சோறு பரிமாறிய அக்கா ஆகியோரின் படம் ஒன்றாவது யாரிடமேனும் இருக்கக்கூடும். மங்கியதாயினும் பரவாயில்லை, பிரதியெடுத்துச் சங்கத்திடம் கொடுங்கள். அடுத்த நூற்றாண்டின் மாணவியர் எங்களை அங்கேதான் தேடுவார்கள்.