காலி அறையின் கணக்கு: ஜே. சி. குமரப்பாவும் இன்றைய எளிமை இயக்கமும்

வீட்டிலுள்ள பொருள்களைக் குறைத்து எளிமையாக வாழ்வது பற்றிய பேச்சு உலகெங்கும் பெருகியிருக்கிறது. ஜப்பானில் யமாஷிதா ஹிதெகோ 2009இல் வெளியிட்ட நூலும், அதையடுத்து வந்த மாரி கொண்டோவின் நூலும் இதற்குப் பெரும் உந்துதல் தந்தன. கொண்டோவின் நூல் 2014இல் ஆங்கிலத்தில் வந்தது. 2019 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. இன்று சென்னையிலும் கோவையிலும் அடுக்ககங்களில் வாழும் குடும்பங்கள் அலமாரியைக் கவிழ்த்துக் கொட்டி, வேண்டியது வேண்டாதது பிரிப்பதைத் தமிழ்க் காணொளிகளில் பார்க்கலாம்.

இந்த ஆர்வத்துக்குப் பின்னால் உண்மையான களைப்பு இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாக ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் சென்று ஆராய்ந்தார்கள். கார் நிறுத்தக் கட்டிய கொட்டகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில்தான் கார் நிறுத்த இடம் இருந்தது. மற்றவற்றைச் சாமான்கள் அடைத்துக்கொண்டிருந்தன. வாங்கிய பொருளே வீட்டுக்காரரை வெளியே தள்ளும் நிலை இது. அதிலிருந்து விடுபட ஒருவர் விரும்புவதை அற்ப ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் இந்த இயக்கம் எளிமையை எப்படி அளக்கிறது என்பதில் எனக்கு அடிப்படையான கருத்து வேறுபாடு உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பொருள்களின் எண்ணிக்கையும், கண்ணுக்குத் தெரியும் வெற்றிடமும்தான் அதன் அளவுகோல்கள். பொருள் எங்கிருந்து வந்தது, எவர் உழைப்பில் வந்தது, வெளியேறிய பின் எங்கே போகிறது என்ற கேள்விகள் கணக்கில் வருவதில்லை. எளிமையை வீட்டுக்குள் எண்ணி அளக்க முடியாது. வீட்டு வாசலில், உள்ளே வருவதை வைத்தே அளக்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கான கருவிகளை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் ஆக்கித் தந்திருக்கிறார்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஜே. சி. குமரப்பா. லண்டனில் கணக்காயர் பயிற்சி, பம்பாயில் தணிக்கைத் தொழில், அமெரிக்காவில் சிரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படிப்பு. கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி படித்து, இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் நிதிமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். அந்த ஆய்வைக் காந்தியின் ‘யங் இந்தியா’ இதழ் தொடராக வெளியிட்டது. 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளராகி வார்தாவின் மகன்வாடியில் தங்கிப் பணியாற்றினார். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டக் காலத்தில் சிறைப்பட்டு, ஜபல்பூர் சிறையில் ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலை எழுதினார். 1945இல் அது வெளிவந்தது. கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதனில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார்.

அவர் தணிக்கையாளர் என்பது இங்கே முக்கியம். நல்ல தணிக்கையாளர் பேரேட்டில் எழுதியதைவிட எழுதாமல் விட்டதைத் தேடுவார். வாழ்க்கைத் தரம் என்ற பேச்சில் குமரப்பா தேடியதும் அதைத்தான். பொருள் அதிகம் இருந்தால் உயர்ந்த தரம், குறைவாக இருந்தால் தாழ்ந்த தரம் என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. சிக்கலான வாழ்க்கை, எளிய வாழ்க்கை என்றே பிரிக்க வேண்டும் என்றார். எளிய வாழ்க்கை உயர்ந்ததாக இருக்கலாம். சிக்கலான வாழ்க்கை தாழ்ந்தும் போகலாம். ஒரு வாழ்க்கை நடப்பதற்கு எத்தனை தொலைவான இடங்களையும், எத்தனை பேருடைய கட்டாய உழைப்பையும், எத்தனை அதிகாரங்களையும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது என்பதே அவருக்குச் சிக்கலின் அளவு. ஒரு கோப்பைக் கோகோவைக்கூட அவர் இப்படித்தான் பார்த்தார்: அது விளைந்த தோட்டத்தின் கூலி நிலைமை, அது கடந்த கடலைக் காத்த படை, அதற்குச் சலுகை தந்த வரி என எல்லாவற்றிலும் குடிப்பவருக்குப் பங்கு உண்டு.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இரண்டு வீடுகளைப் பார்க்கலாம். ஒன்று, வெள்ளைச் சுவரும் ஒரு மெத்தையும் நான்கு உடையும் ஒரு கைப்பேசியும் உள்ள நகரத்து அறை. சமையல் சாமான் இல்லை; சாப்பாடு செயலி வழியாக வருகிறது. தைக்க ஊசி இல்லை. பட்டன் அறுந்தால் புதுச் சட்டை வருகிறது. மற்றொன்று, பரண் நிறையப் பித்தளைப் பாத்திரமும், குதிரும், முறமும், உரலும், பழம்புடவை மூட்டையும் உள்ள பழைய கிராமத்து வீடு. எண்ணிக்கையும் வெற்றிடமும் அளவுகோலானால் முதல் வீடு தேர்ச்சி பெறும், இரண்டாவது தோற்றுப்போகும். குமரப்பாவின் கணக்கில் முதல் வீட்டின் சாமான்கள் எங்கும் போய்விடவில்லை. அவை கிடங்கிலும் விற்பனைக் கூடத்திலும் இரு சக்கர வண்டியில் விரையும் இளைஞரின் முதுகுப் பையிலும் இருக்கின்றன. அந்த அறை காலியாக இருப்பதற்காக வெளியே ஒரு பெரிய ஏற்பாடு ஓயாமல் இயங்க வேண்டியிருக்கிறது. பரண் நிறைந்த வீட்டிலோ பெரும்பாலான பொருள்கள் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை வாங்கியவை. பழம்புடவை தூளியாகும், பிறகு கரித்துணியாகும், கடைசியில் திரியாகும். பாத்திரத்துக்கு ஈயம் பூச ஆள் வருவார். அம்மி கொத்தவும் கத்திக்குச் சாணை பிடிக்கவும் ஆட்கள் வருவார்கள். பொருள் தேயத் தேய அதைப் பேணும் கைகளுக்குக் கூலி போய்ச் சேர்ந்தது.

பழைய வீட்டை நான் புனிதப்படுத்தவில்லை. அங்கே உரலில் குத்தியதும் அம்மியில் அரைத்ததும் பெரும்பாலும் பெண்கள். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நான் சொல்வது, எண்ணிக்கை என்ற அளவுகோல் இரண்டு வீடுகளைப் பற்றியும் தவறான தகவலைத் தருகிறது என்பதே.

குமரப்பாவின் இரண்டாவது கருவி, இயற்கை வளங்களை அவர் பிரித்த முறை. நிலக்கரி, எண்ணெய், உலோகம் போன்றவை எடுக்க எடுக்கத் தீரும் தேக்கம். ஆற்றுநீர், பயிர், காட்டின் வளர்ச்சி போன்றவை மீண்டும் மீண்டும் வரும் ஓட்டம். தேக்கத்தின் மேல் கட்டிய வாழ்வு நிலைக்காது என்பதோடு, தேக்கத்துக்கான போட்டி போரில் முடியும் என்றும் அவர் கண்டார். இதை ஏட்டோடு விடவில்லை. மகன்வாடியில் மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ஒரு விளக்கை அமைத்தார்கள். காந்தியின் உறவினர் மகன்லால் காந்தியின் பெயரால் ‘மகன் தீப்’ என்றழைக்கப்பட்ட அந்த விளக்கில் இன்றைய இயக்கம் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு விளக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மண்ணெண்ணெய் விளக்காக இருந்தால், அந்த வீட்டின் காசு ஒவ்வொரு மாதமும் ஊரை விட்டு வெளியேறுகிறது. ஊர் செக்கில் ஆட்டிய எண்ணெய் என்றால், அதே காசு உழவரிடமும் செக்காட்டுபவரிடமும் சுற்றி வருகிறது. இரண்டு வீட்டிலும் விளக்கு ஒன்றுதான். எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டை ஆண்டுதோறும் கண்முன் காட்டும் நாள் போகி. நமக்கென்று ஒரு ‘வீட்டை ஒழிக்கும்’ நாள் நெடுங்காலமாக இருக்கிறது. கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், இற்றுப்போன முறம் என்று தீயிலிட்டவை கோரை, ஈர்க்கு, மூங்கில். எரிந்து சாம்பலாகி மண்ணுக்குப் போயின. இன்று அதே தீயில் டயரும் பிளாஸ்டிக்கும் செயற்கை இழைத் துணியும் விழுகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ஆண்டும் வேண்டுகோள் விடுக்கிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைப்பட்டன. சடங்கு மாறவில்லை. மாறியது, ஆண்டு முழுவதும் வாசல் வழியாக உள்ளே வந்த பொருளின் இயல்பு. கழிப்பது நல்லதா கெட்டதா என்பது கழிக்கும் நாளில் முடிவாவதில்லை. வாங்கிய நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

உடுப்புகளுக்கும் இது பொருந்தும். மேலைநாட்டு அலமாரிகளிலிருந்து விலக்கப்படும் துணி மூட்டைகளில் ஒரு பகுதி கானாவின் அக்ரா நகரிலுள்ள கண்டமண்டோ சந்தைக்குப் போகிறது. இன்னொரு பகுதி ஹரியானாவின் பானிபட்டுக்கு வந்து, வெட்டிக் கிழிக்கப்பட்டு நூலாகி, மலிவான போர்வையாகிறது. அந்த மூட்டையிலிருக்கும் பின்னலாடை திருப்பூரில் தைக்கப்பட்டதாகவே இருக்கலாம். திருப்பூர் சாயத்தின் கதை நாம் அறிந்ததுதான். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு நியூயார்க் குடும்பம் முப்பது சட்டைகளைக் கொண்டோ சொல்வதுபோல் நன்றி சொல்லி வழியனுப்பினால் அந்த வீட்டில் இடம் பிறக்கும். நொய்யலில் ஓடிய சாயம் ஒரு சொட்டும் குறையாது. அந்தச் சட்டைகளை வாங்காமல் இருந்திருந்தால் கதை வேறு.

யமாஷிதாவின் முறை இதை ஓரளவு அறிந்தே இருக்கிறது. யோகப் பயிற்சியிலிருந்து அவர் எடுத்த மூன்று படிகளில் முதலாவது, உள்ளே வருவதை மறுத்தல். அதன் பிறகே இருப்பதை விலக்குதலும் பற்றை விடுதலும். உலகெங்கும் பரவியபோது முதல் படி மங்கி, இரண்டாவது படியே காட்சியானது. காரணம் எளிது: குவியலைக் கழிப்பதைப் படம் பிடிக்கலாம், வாங்காமல் இருந்ததைப் படம் பிடிக்க முடியாது. கொண்டோவின் நிறுவனமே 2019 நவம்பரில் வீட்டுப் பொருள்களுக்கான இணையக் கடையைத் தொடங்கியது. இதில் தனிமனிதர் நேர்மை பற்றிய கேள்வி எதையும் நான் எழுப்பவில்லை. வெற்றிடத்தையே இலக்காகக் கொண்ட முறைக்குள் வாங்குவதைத் தடுக்கும் விசை எதுவும் இல்லை என்பதே இதிலிருந்து தெரிவது.

காந்தியோடு பழகிய இன்னொருவர் ரிச்சர்ட் கிரெக். அமெரிக்க வழக்கறிஞரான அவர் 1925இல் இந்தியா வந்தார். 1936இல், தானாக ஏற்கும் எளிமை பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். எதையும் விட்டுவிடலாம், புத்தகங்களை மட்டும் விட முடியவில்லை என்று தாம் காந்தியிடம் சொன்னதை அதில் பதிவு செய்கிறார். உள்ளத்துக்கு உதவும்வரை அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், கடமைக்காகத் துறந்தால் ஏக்கம்தான் மிஞ்சும் என்பது காந்தி சொன்ன விடையின் சாரம். எளிமைக்கு எல்லாருக்கும் பொதுவான எண்ணிக்கை கிடையாது. ஊர், தட்பவெப்பம், இயல்பு ஆகியவற்றுக்கேற்ப அது மாறும் என்று கிரெக்கும் எழுதினார். குமரப்பாவின் சிந்தனை பொருளியலாளர் ஷூமாக்கர் வழியாகவும் மேற்கே சென்றது. 1973இல் வந்த ‘சிறியதே அழகு’ நூலில் பௌத்தப் பொருளாதாரம் பற்றிய கட்டுரை குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறது. ஆக, எளிமை பற்றிய இருபதாம் நூற்றாண்டு உரையாடலின் தொடக்கத்தில் உற்பத்தி பற்றிய கேள்வி இருந்தது. வழியில் அது உதிர்ந்துபோயிற்று.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை அம்பேத்கரிடம் பார்க்கலாம். ‘நிலைத்த பொருளாதாரம்’ வந்த அதே 1945இல் வெளியான தம் நூலில் காந்தியத்தை அவர் கடுமையாக விமர்சித்தார். ஓய்வில்லாமல் பண்பாடு இல்லை, இயந்திரமில்லாமல் ஓய்வில்லை, எளிய வாழ்வுக்குத் திரும்பு என்பது உழைக்கும் பெரும்பான்மைக்கு மீண்டும் விலங்கு நிலை என்றார். தமிழ் மண்ணில் இதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, குடையும் செருப்பும் கூடாது, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. 1931 குடிமதிப்பு ஆணையர் ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிந்திருக்கிறார். அந்த ஊர்களில் ஓர் ஆதிதிராவிடர் ஒரு பித்தளைக் குடம் வாங்குவது நுகர்வு வெறி ஆகாது, உரிமைப் போர். மண்பாண்டம் மட்டுமே இருந்த அந்த வீட்டை எளிமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது கொடுமை.

இங்கே குமரப்பாவிடம் போதிய விடை இல்லை என்று கருதுகிறேன். நில உடைமை பற்றி அவருக்குத் தெளிவு இருந்தது. அவர் தலைமையேற்ற காங்கிரஸ் வேளாண் சீர்திருத்தக் குழுவின் 1949 அறிக்கை உழுபவருக்கே நிலம் என்று பேசியது. ஆனால் கிராமத்துக்குள் யார் எதை வைத்திருக்கலாம் என்று ஆணையிடும் சாதி அதிகாரத்தை ‘நிலைத்த பொருளாதாரம்’ போதுமான அளவு எதிர்கொள்ளவில்லை. அவருடைய அளவுகோலோடு இன்னொரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டியிருக்கிறது: மறுக்கும் ஆற்றல் உள்ளவர் மறுப்பதே எளிமை. வாங்க முடியாதவருக்கும் வாங்கத் தடுக்கப்பட்டவருக்கும் அந்தச் சொல்லால் அறிவுரை சொல்ல எவருக்கும் தகுதியில்லை. முதல் தலைமுறையாகக் குளிர்பதனப் பெட்டி வாங்கும் குடும்பத்தையும், மூன்றாவது கைப்பேசிக்கு மாறும் குடும்பத்தையும் ஒரே அறிவுரையில் அடைப்பது ஆய்வு நேர்மையும் ஆகாது.

அதே காரணத்தால், வாங்காமல் இருப்பதைத் தனிமனிதரின் மன உறுதிக்கு மட்டும் விட்டுவிடவும் முடியாது. பழுது பார்க்க முடியாதபடி ஒட்டி மூடிய கருவியை வாங்கியவர் எவ்வளவு எளிமை விரும்பியானாலும், சில ஆண்டுகளில் இன்னொன்று வாங்கியே தீர வேண்டும். பிரான்ஸ் 2021 முதல் சில மின்கருவிகளுக்குப் பழுதுநீக்க மதிப்பெண் அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் பழுதுநீக்கும் உரிமைக்கான சட்டகத்தை வகுக்க நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. ஈயம் பூசுபவரின் இடத்தில் இன்று சென்னை ரிச்சி தெருவில் கைப்பேசி பிரித்துப் பார்க்கும் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உதிரிப் பாகமும் கையேடும் கிடைப்பது வீட்டை ஒழுங்குபடுத்தும் நூறு குறிப்புகளைவிட எளிமைக்குத் துணை செய்யும்.

தமிழ்ச் சூழலில் இதுபற்றி ஆராய விரும்புவோருக்கு குமரப்பாவின் மாத்தர் வட்ட ஆய்வு நல்ல முன்மாதிரி. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் அவர் மாணவர்களோடு கிராமம் கிராமமாகச் சென்று, குடும்பங்களின் வரவையும் செலவையும் கடனையும் எழுதி வாங்கினார்; 1931இல் அது நூலாயிற்று. அதே முறையில் மதுரையிலோ சேலத்திலோ ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் சாமான் பட்டியலை விட்டுவிட்டு, ஓராண்டில் வாசலைக் கடந்து உள்ளே வந்தவற்றை எழுதலாம். எது கடனில் வந்தது, எது மணச்சீராக வந்தது, எது விழாக்காலத் தள்ளுபடியில் வந்தது, எதைப் பழுது பார்த்தார்கள், பழுது பார்க்க ஆள் கிடைக்காமல் எதைத் தூக்கிப் போட்டார்கள், எதை வாங்க நினைத்து யார் மறுத்தார்கள் என்று கேட்கலாம். கடைசிக் கேள்வியை வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். வாங்கும் முடிவும் வாங்காத முடிவும் ஒரே ஆளிடம் இருப்பதில்லை.