கேம் கார்டுகளின் சண்டை

"கேம் விளையாடும் கிராபிக்ஸ் கார்டுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் என்ன சம்பந்தம் சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் வரலாறாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990களின் இறுதியில் வூடூ கார்டு செய்த 3டிஎஃப்எக்ஸ்தான் ராஜா. 2000 டிசம்பரில் அதுவே தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. பிறகு களத்தில் முக்கியமாக நின்றவர்கள் இருவர்: கலிபோர்னியாவின் என்விடியா, கனடாவில் டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரின் ஏடிஐ. 2002இல் ஏடிஐயின் ரேடியான் 9700 புரோ என்விடியாவைத் திணறடித்தது. 2006இல் ஏடிஐயை ஏஎம்டி வாங்கியது.

அதே ஆண்டு நவம்பரில் என்விடியா 'கூடா' என்ற மென்பொருள் ஏற்பாட்டை அறிவித்தது. (தமிழனுக்குப் பெயரே அபசகுனம்!) அதுவரை விஞ்ஞானிகள் இந்தக் கார்டில் கணக்குப் போட வேண்டுமென்றால், அந்தக் கணக்குக்குப் படம் வரைவது போல வேஷம் கட்ட வேண்டும். கூடா வந்தபின் சி மொழி தெரிந்தவர் நேரடியாகவே எழுதலாம். கடையில் வாங்கும் கேம் கார்டிலேயே அது ஓடும். என் பார்வையில் திருப்புமுனை இதுதான்.

ஏனென்றால் காகிதத்தில் பார்த்தால் ரேடியான்தான் பலசாலி. 2009இல் வந்த ரேடியான் எச்டி 5870 நொடிக்கு 2.72 லட்சம் கோடி கணக்குகள் போடும். 2010இல் வந்த ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 580க்கு 1.58 லட்சம் கோடிதான். ஆனால் ரேடியானின் 1,600 கணக்கர்களும் ஐந்தைந்து பேராக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஐவருக்கும் சேர்ந்தாற்போல வேலை அமையாவிட்டால் சிலர் சும்மா இருப்பார்கள். கேமில் ஜிடிஎக்ஸ் 580தான் முந்தியது. பிட்காயின் தோண்டியவர்களோ ரேடியானைத் தேடித்தேடி வாங்கினார்கள். அந்த வேலைக்கு அந்தப் பெஞ்சு நன்றாக நிரம்பியது.

2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, 12 லட்சம் படங்களைக் காட்டி ஒரு நரம்பு வலையமைப்பைப் பழக்கினார். ஐந்தாறு நாளில் அதை முடித்தவை இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள். இமேஜ்நெட் போட்டியில் அதன் பிழை 15.3 சதவீதம், இரண்டாம் இடத்துக்கு 26.2. இன்றைய செயற்கை நுண்ணறிவு அலை அங்கிருந்துதான் கிளம்பியது.

ஏடிஐ வளர்ந்த மார்க்கம் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் அவர் நிரலை எழுதியது கூடாவில். ஏஎம்டி தன் 'ராக்எம்' ஏற்பாட்டைக் கொண்டுவந்தது 2016இல். அதற்குள் ஆய்வுக்கூடங்களில் ஒரு தலைமுறையே கூடாவில் பழகிவிட்டிருந்தது.