படம் பிடிக்கப்படாத கோட்டை

தை மாதத்து சுப்ஹுத் தொழுகை முடிந்து, பனி இன்னும் விலகாத வேளையில், மத்ரஸா மாணவர்களுடன் காளவாசலிலிருந்து கிழக்கே நடந்தோம். பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் மேலவாசல் கோட்டைச் சுவரைப் படமெடுக்க எண்ணினோம். போர்வைக்குள்ளிருந்து கைப்பேசிகள் வெளிவந்தன. "ஹஜ்ரத், முழுக் கோட்டையின் பழைய புகைப்படம் இருக்கிறதா?" என்று ஒரு மாணவர் கேட்டார்.

இல்லை. நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களுடன் எழுந்ததாகச் சொல்லப்படும் அக்கோட்டையை 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார். கோட்டையும் அகழியும் இருந்த இடத்தில் வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும் தோன்றின. இடிப்புப் பணியில் துணைநின்றோரின் பெயர்கள் நம் முகவரிகளில் வாழ்கின்றன. காத்தவர் பெயரை அங்கே காணோம்!

காமிரா வந்தபோது கோட்டை போய்விட்டிருந்தது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் மதுரைக்கு வந்தார். மெழுகேற்றிய காகிதமே அவருடைய நெகட்டிவ். அதில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி வேண்டும். கல் பதியும், நடமாடும் மனிதர் பதியமாட்டார். 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையை அவர் இடிபாடாகவே படமெடுத்தார். திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாதர் அதன் பகுதிகளைப் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தார். 1866 முதல் 1872 வரை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு எஞ்சியதைச் செப்பனிடச் செய்தார். இன்று நாம் காண்பது அந்தச் செப்பனிட்ட அரண்மனையை. அதற்கு முந்திய நிலையை டிரைப்பின் படங்கள் காட்டுகின்றன. கோட்டைக்கு அந்தப் பேறும் இல்லை.

அக்கோட்டையைக் காத்தவர்களுள் ஒருவர் நம் அண்டையிலேயே உறங்குகிறார். மதுரையை ஆண்ட யூசுப் கான், ஆர்க்காட்டு நவாபுக்கும் ஆங்கிலேயருக்கும் எதிராக நின்று, 1763-64 முற்றுகையைத் தாங்கினார். அவருக்கு முன்னால் சுவர் விழவில்லை. உடனிருந்தோரே 1764 அக்டோபர் 13 அன்று தொழுகையில் இருந்தவரைப் பிடித்துக் கொடுத்தனர். இரு நாள் கழித்து அவர் தூக்கிலிடப்பட்டார். முன்னர் ஆங்கிலேயருக்காகப் பூலித்தேவரை எதிர்த்துப் போரிட்டவரும் இவரே. நம்மவர் என்பதற்காக அதை மறைத்துப் பேசுவது வரலாறாகாது. மாணவர்களிடமும் அதைச் சொன்னோம்.

சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலத்தின்மீது 1808இல் சிறு பள்ளிவாசல் எழுந்தது. தேனி சாலையில் அதைக் கடந்தே எங்கள் மாணவர்களில் பலர் நாள்தோறும் வருகின்றனர். அது யாருடைய கப்ரு என்று அன்று காலை கேட்டோம். மூவரே அறிந்திருந்தனர். குறை பிள்ளைகளுடையதன்று, எங்கள் பாடத்திட்டத்தில் நபிமார் வரலாறு உண்டு, தெருவின் வரலாறு இல்லை.

திரும்பும் வழியில் அங்கே நின்றோம். ஸலாம் உரைத்து, துஆ செய்தபின் வெளிப்புறத்தைப் படமெடுத்தனர். ஒவ்வொரு படத்துடனும் இடத்தையும் தேதியையும் எழுதி வைக்கச் சொன்னோம். அதற்குள் வெயில் ஏறிவிட்டது.