ரிசப்ஷன் மேடையில் மஞ்சள் பெட்டி

கல்யாண ரிசப்ஷனில் கிடார் வாசிக்கிறவனுக்கு டோனில் சொந்த விருப்பம் என்று ஒன்று கிடையாது. கேசட்டில் எப்படிக் கேட்டதோ அப்படியே மேடையிலும் கேட்க வேண்டும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் வீட்டுச் சித்தப்பா, "பாட்டுல இப்படி இல்லியேப்பா" என்று சொல்லிவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். தி. நகர் மண்டபங்களிலும் மயிலாப்பூர் சபாக்களிலும் மெல்லிசைக் குழுக்களோடு எண்பதுகள் முழுக்க வாசித்தவன் நான். கிடார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற எஃபெக்ட்ஸ் பெடலை இந்த ஊரில் தேர்ந்தெடுத்தது கிடாரிஸ்ட் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். சினிமா ரிகார்டுதான் தேர்ந்தெடுத்தது. நாங்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினோம்.

எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு இந்தத் தொல்லை குறைவு. 1964இல் 'காதலிக்க நேரமில்லை' வந்த காலத்தில் கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஒயரைத் தவிர வேறொன்றும் இருக்காது. ஆனால் அதற்குள் வெளிநாட்டில் விஷயம் மாறியிருந்தது. அமெரிக்காவில் மேஸ்ட்ரோ என்ற பெயரில் 1962இலேயே, சத்தத்தைக் கரகரக்க வைக்கும் ஒரு ஃபஸ் பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாடிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் அதை மிதித்த பிறகு உலகமே அந்தக் கரகரப்பைக் கேட்டது. அடுத்த ஆண்டு லண்டனில் அர்பிட்டர் கம்பெனி ஃபஸ் ஃபேஸ் என்று வட்டமாக ஒன்றைப் போட்டது. உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை: இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், கன்டென்சர், அவ்வளவுதான். சிலவற்றில் இருந்தது ஏசி128. நம் வீட்டு டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஸ்பீக்கரை ஓட்டிக்கொண்டிருந்ததும் அதே ஏசி128தான்!

இது தெரிந்த பிறகு சும்மா இருப்பார்களா? மந்தைவெளியில் ரேடியோ ரிப்பேர் பார்த்த அண்ணன் ஒருவர், செத்துப்போன ரேடியோவிலிருந்து டிரான்சிஸ்டரைப் பிடுங்கி, அலுமினிய டிபன் டப்பாவுக்குள் ஃபஸ் செய்து கொடுத்தார். அலுமினியம் என்பதால் டியூப்லைட் இரைச்சலும் உள்ளே புகவில்லை. காலால் மிதிக்கிற ஸ்விட்ச்தான் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கிடைக்காதது. புதுப்பேட்டையில் பழைய கார் உதிரிபாகம் விற்கும் இடத்தில் அதற்கு வழி பிறந்தது. அம்பாசிடர் காரில் ஹெட்லைட்டை டிம் செய்யத் தரையில் ஒரு ஸ்விட்ச் இருக்குமே, அதைப் பொருத்தினார். லாரி டயர் ஏறினாலும் உடையாது. குறை ஒன்றுதான்: ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏற அதில் கசிவு மின்னோட்டம் கூடி, சத்தம் திக்கித் திக்கி வரும். மார்கழியில் கம்பீரமாகப் பேசிய டப்பா சித்திரைத் திருவிழாவில் இருமும்.

சத்தம் டப்பாவிலிருந்து வந்ததென்றால், வாசிப்பில் ஒழுங்கு வந்தது மயிலாப்பூரிலிருந்து. அங்கே சாய் லாட்ஜில் ஓர் அறையில் இருந்த தன்ராஜ் மாஸ்டரிடம்தான் இளையராஜா மேற்கத்திய இசை எழுதப் படிக்கக் கற்றார்; பின்னால் ஏ.ஆர். ரஹ்மானும் அவரிடம் போனார். நோட்டேஷன் பார்த்து வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் ஸ்டூடியோவில் வேலை. எழுபதுகளின் கடைசியில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் பாடகரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே டேக்கில் பதிவு செய்கிற பழக்கம். பல்லவியில் ஒரு சத்தம், இடையிசையில் வேறு சத்தம் என்றால் டேப்பை நிறுத்திவிட்டு ஒயர் மாற்ற முடியாது. கால்தான் மாற்ற வேண்டும். எம்.எஸ்.வி.யின் குழுவில் பிலிப்ஸ், இளையராஜாவின் குழுவில் சதானந்தம், சந்திரசேகர் என்று கிடார்காரர்களின் பெயர் எங்களுக்கு நடிகர்களின் பெயரைவிட நன்றாகத் தெரியும்.

1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது. மேடைப் பாடகனைப் பற்றிய கதை, பெரும்பகுதி சிங்கப்பூரில் எடுத்தது. எங்களுக்கும் சிங்கப்பூர்தான் திசை. இறக்குமதிக் கெடுபிடி இருந்த காலம். கடைக்குப் போய்ப் பெடல் வாங்குவது நடக்காத காரியம். கச்சேரிக்குப் போய்வருகிறவரின் சூட்கேஸில் வரும், இல்லையென்றால் கப்பலில் வேலை பார்க்கும் யாராவது கொண்டுவருவார்கள், அதுவும் இல்லையென்றால் பர்மா பஜார். 1969இல் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக ஏற்பட்ட அந்தக் கடை வரிசையில், ஷேவிங் செட்டுக்கும் கால்குலேட்டருக்கும் நடுவே எப்போதாவது ஒரு ஜப்பான் பெடல் கிடக்கும். விற்கிறவருக்கே அது என்னவென்று தெரியாது என்பதால் பேரம் பேச வசதி.

பாஸ் கம்பெனி 1977இலிருந்து உள்ளங்கை அளவில் பெடல் போடத் தொடங்கியதுதான் எங்களைக் காப்பாற்றியது. சூட்கேஸில் சட்டைகளுக்கு நடுவே அடங்கிவிடும். மாடல் நம்பர் சொல்லி யாரும் கேட்டதில்லை, நிறம்தான் பெயர். லேசான கரகரப்புக்கு ஓவர்டிரைவ் மஞ்சள், முரட்டுக் கரகரப்புக்கு டிஸ்டார்ஷன் ஆரஞ்சு, கோரஸ் இளநீலம்.

அந்த இளநீலத்துக்குத்தான் எண்பதுகளில் அடிதடி. கிடாரின் சத்தத்தைச் சில மில்லிசெகண்ட் தாமதித்து, அந்தத் தாமதத்தையும் லேசாக ஆட்டி, அசல் சத்தத்தோடு கலந்துவிடுவதுதான் கோரஸின் வேலை. ஒரு கிடார் இரண்டாகக் கேட்கும். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது 'இளைய நிலா' வாசிக்காமல் எந்த மண்டபத்திலிருந்தும் இறங்க முடியவில்லை. ரிகார்டில் சந்திரசேகர் வாசித்திருப்பது அகூஸ்டிக் கிடார். மண்டபத்தில் அகூஸ்டிக்குக்கு மைக் வைத்தால் அடுத்த நிமிடம் ஸ்பீக்கர் ஊளையிடும். எனவே எலெக்ட்ரிக்கிலேயே வாசித்து, கோரஸைக் கொஞ்சமாகத் திறந்து, டிரெபிளை ஏற்றி ஒப்பேற்றினோம். சித்தப்பாக்கள் தலையாட்டினார்கள். மண்டபத்தில் எர்த் சரியில்லாவிட்டால் பாடகி மைக்கைத் தொடும்போதும், நான் பின்பாட்டுப் பாட உதட்டைக் கொண்டுபோகும்போதும் சுள்ளென்று ஒன்று கிடைக்கும். அது தனி எஃபெக்ட்.

மஞ்சள் பெட்டியின் அருமை எனக்குப் புரிந்தது சபாவில். கர்நாடக சங்கீதத்தில் மீட்டிய தந்தி சீக்கிரம் அடங்கிவிட்டால், ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்கு இடமே இல்லை. கார்வை நிற்க வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சிறுவனாக எண்பதுகளின் தொடக்கத்தில் சென்னை மேடை ஏறியபோது, வழக்கமான இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, எலெக்ட்ரிக் மாண்டலினில்தான் வாசித்தார். அது சங்கீதத்துக்கு அடுக்குமா என்று முகம் சுளித்தவர்கள், அவர் ஆலாபனையைத் தொடங்கிய பிறகு வாயைத் திறக்கவில்லை. அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்த பிரசன்னா, எலெக்ட்ரிக் கிடாரிலேயே முழுக் கச்சேரி செய்கிறவராக வந்தார். கார்வை நிற்கப் பெடலும் உதவும். கம்ப்ரெஸர் என்ற பெடல் ஓங்கி வரும் சத்தத்தை அமுக்கி, அடங்கப்போகும் சத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும். ஓவர்டிரைவை மிகக் குறைவாக வைத்தாலும் அதே வேலையைச் செய்து, கூடவே குரலுக்கு ஒரு கனத்தையும் தரும். எங்கோ ராக் வாசிக்கிறவனுக்காகச் செய்தது, இங்கே தோடி ராகத்துக் காந்தாரத்தின் அசைவைத் தாங்கும். எக்கோ தரும் டிலே பெடலை மட்டும் கச்சேரிப் பக்கம் சேர்க்கக் கூடாது என்பது என் பிடிவாதம். முந்தின ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின்மேல் விழுந்தால் மிருதங்கக்காரர் கணக்கை எங்கே பிடிப்பார்?

தொண்ணூறுகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. 'ரோஜா' வந்து சத்தமே மாறிப்போனது. கீபோர்டுகாரர்கள் கை ஓங்கியது. ஜூம் 505 போன்ற பிளாஸ்டிக் பெட்டிகள் வந்து, எல்லா எஃபெக்ட்டையும் ஒரே இடத்தில் அடைத்தன. நாங்கள் 'பிராசஸர்' என்போம். எல்லாம் இருக்கும், எதுவும் முழுதாக இருக்காது. 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியபின் கடைகளில் பெடல்கள் வெளிப்படையாக வரிசையில் உட்கார்ந்தன.

இப்போது அடையாறிலிருந்து பையன்கள் வந்து, "அங்கிள், எந்த பெடல் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். "என்ன வாசிக்கப்போறே?" என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் இல்லை. பதில் வைத்திருப்பவனிடம் முதலில் டியூனர், அடுத்து ஓவர்டிரைவ், அது போதவில்லை என்று ஆறு மாதம் கழித்தும் தோன்றினால் கம்ப்ரெஸர் என்பேன். கோரஸ் வாங்கு என்று சொல்ல ஆசைதான். அது என் காலத்து வியாதி. அடாப்டர் விஷயத்தில் மட்டும் பிடித்து உட்காரவைத்துச் சொல்லி அனுப்புகிறேன்: ரிச்சி தெருவின் சாதாரண அடாப்டரில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ், பெடலுக்கு வேண்டியது நடு முனை நெகட்டிவ், 9 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்துச் செருகாதே.