முழங்காலைத் தட்டும் சுத்தியல்

சில ஆண்டுகளுக்கு முன் என் இடது கெண்டைக்கால் சதை அவ்வப்போது துடிக்கத் தொடங்கியது. கொடிய நரம்பு நோயோ என்று அஞ்சி மருத்துவரிடம் சென்றேன். அவர் ரப்பர்ச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், உள்ளங்காலைக் கீறினார், குதிகாலால் நடக்கச் சொன்னார். "பயப்பட ஒன்றுமில்லை, சார்" என்றார். ஆயினும் வீடு திரும்பும் வழியிலேயே ஐயம் பிறந்தது. இரண்டு தட்டில் நரம்புகளின் நிலை எப்படித் தெரியும்? அந்தச் சுத்தியலின் வரலாறே எனக்கு விடை தந்தது.

1875ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்பால் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் தனித்தனியே ஒரு செய்தியை வெளியிட்டனர். முழங்காற் சில்லுக்குக் கீழே தட்டினால் கால் தானே முன்னோக்கி உதறும். தட்டும்போது தொடைத் தசை சற்றே இழுபடுகிறது. அச்செய்தி நரம்பு வழியே தண்டுவடத்தை அடைந்து, மூளையின் ஆணைக்குக் காத்திராமல் திரும்பி வந்து, தசையைச் சுருக்குகிறது. மின்சுற்றில் கம்பி அறுந்தால் விளக்கு எரியாதன்றோ? அதுபோல, இச்சுற்று பழுதடைந்தால் உதறல் குன்றும். மூளையிலிருந்து இறங்கும் பாதை கெட்டாலோ, கட்டுப்பாடு தளர்ந்து உதறல் மிகும்.

1896இல் பாரிசில் ஜோசப் பாபின்ஸ்கி மற்றோர் அடையாளத்தை அறிவித்தார். உள்ளங்காலைக் கீறினால் பெரியவர்களுக்குக் கால்விரல்கள் கீழ்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து வரும் இயக்கப் பாதை பழுதுபட்டிருந்தால் பெருவிரல் மேல்நோக்கி எழும். மனக்கலக்கத்தால் வரும் வாதத்தையும் நரம்புச் சேதத்தால் வரும் வாதத்தையும் பிரித்தறிய இது பெரிதும் உதவியது. அச்சத்தால் இந்த அடையாளம் தோன்றுவதில்லை.

சரி, தசைத் துடிப்பு? அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள், துடிப்பு இருந்தும் நோய்க்குறி வேறு காணப்படாத 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். அவர்களில் ஒருவருக்கும் இயக்க நரம்பு நோய் வரவில்லை என 1993இல் அறிவித்தனர். நலமாக உள்ளோருக்கும் களைப்பு, தூக்கக் குறைவு, மிகுதியான காப்பி ஆகியவற்றால் தசை துடிப்பதுண்டு.

எனினும் அஞ்சும் மனம் ஓயாது. இரவில் படுத்துத் துடிப்புகளை எண்ணினேன்; எண்ண எண்ண மேலும் பல தெரிந்தன. உணர்திறன் மிக்க கால்வனாமீட்டர், யாரோ மேசையருகே நடந்தாலும் ஆடும். அந்த ஆட்டத்தை மின்னோட்டம் என்று குறித்துக்கொள்ளும் மாணவனை நான் திருத்துவேன். அதே பிழையை நானே செய்துகொண்டிருந்தேன்!

கை கால் வலுவிழந்தாலோ, தசை மெலிந்தாலோ, பேச்சு குழறினாலோ மீண்டும் மருத்துவரை நாடுவதே முறை. அவை ஏதும் இல்லாதபோது, "ஒன்றுமில்லை" என்று மருத்துவர் கூறுவதை வெறும் ஆறுதலாகக் கொள்ளலாகாது. அது நூறாண்டுகளுக்கும் மேலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட ஓர் அளவீட்டின் முடிவு.

துடிப்பு இன்றும் எப்போதாவது வருகிறது. எண்ணுவதைத்தான் விட்டுவிட்டேன்.