நுரையீரல் காற்றோட்ட உருவகப்படுத்தலின் வரலாறு

நுரையீரல் காற்றோட்ட உருவகப்படுத்தல் என்பது, நாம் உள்ளிழுக்கும் காற்று மூச்சுக்குழாயின் எந்தக் கிளையில் எவ்வளவு வேகத்தில் செல்கிறது, அதில் மிதக்கும் துகள்கள் எங்கே படிகின்றன என்பவற்றைக் கணினியில் கணக்கிட்டு அறியும் முறை ஆகும். உயிருள்ள ஒருவரின் நுண்கிளைகளுக்குள் கருவியை நுழைத்து அளக்க முடியாததால் இம்முறை தேவைப்பட்டது.

தொடக்கம்

கணினிக்கு முன்பே இக்கணக்கு தொடங்கிவிட்டது. 1915-இல் பிரிட்சு ரோரர் மனித நுரையீரல் குழாய்களின் நீளத்தையும் விட்டத்தையும் அளந்து, காற்றுக்கு ஏற்படும் தடையைக் கணக்கிட்டார். 1935-இல் வால்டர் பின்டைசன் சுவாசப் பாதையை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, எந்த அளவுத் துகள் எங்கே படியும் என்று கணித்தார்.

வைபெல் மாதிரி

சுவிட்சர்லாந்தின் எவால்ட் வைபெல் 1963-இல் வெளியிட்ட மாதிரியே பின்வந்த ஆய்வுகளுக்கு அடிப்படையானது. இதன்படி மூச்சுக்குழாய் இரண்டிரண்டாக 23 முறை பிரிகிறது. கடைசி நிலையில் சுமார் 84 லட்சம் கிளைகள் உள்ளன. ஒவ்வொரு கிளையும் குறுகினாலும் எல்லாவற்றின் மொத்தப் பரப்பு பெருகுவதால் காற்றின் வேகம் குறைந்துகொண்டே போகிறது. இறுதியில் ஆக்சிசன் ஓட்டத்தால் அன்றி விரவலால் நகர்கிறது.

ஆனால் இம்மாதிரியில் இரு பக்கமும் சமம். உண்மையில் வலது கிளைக்குழாய் அகலமானது, செங்குத்தானது. குழந்தை தவறி விழுங்கும் நிலக்கடலை பெரும்பாலும் வலப்பக்கம் சிக்குவது இதனால்தான்.

கணினிக் காலம்

சி.டி. படங்களிலிருந்து ஒரு குறிப்பிட்ட மனிதரின் குழாய் வடிவத்தையே எடுத்து, பாய்ம இயக்கவியல் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை பின்னர் வந்தது. குரல்வளையின் இடுக்கில் பீறிடும் காற்று மூச்சுக்குழாயில் கொந்தளிப்பை உண்டாக்குவதை 2007-இல் அமெரிக்க, நியூசிலாந்து ஆய்வாளர்கள் காட்டினர். எனவே தொண்டையை விட்டுவிட்டுக் கணக்கிடுவது பிழையாகும்.

தமிழ்நாட்டில்

சென்னை ஐ.ஐ.டி.யில் மகேஷ் பஞ்சக்னுலா குழுவினர் கணினிக்குப் பதிலாக ஆய்வகத்தில் சோதித்தனர். 0.3 முதல் 2 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள நுண்குழாய்களில் ஒளிரும் துகள்கள் கலந்த நீர்த்திவலைகளைச் செலுத்தினர். மெதுவாக மூச்சு விடும்போது திவலைகள் நீண்ட நேரம் தங்கி அதிகமாகப் படிகின்றன என்று 2020-இல் வெளியிட்டனர். கணினி முடிவுகளைச் சரிபார்க்க இத்தகைய அளவீடுகளே துணை.

பயனும் வரம்பும்

வேலூர், ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிற்கூடங்களில் தோலைத் தேய்க்கும்போது தூசி எழுகிறது. பெரிய துகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும், 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை காற்று நுண்ணறைகள் வரை செல்லக்கூடும். துகள் எங்கே படியும் என்பதை உருவகப்படுத்தல் சொல்லும். அங்கே அது என்ன செய்யும் என்பதைத் தொழிலாளரின் மருத்துவப் பரிசோதனையே சொல்லும்.