சிறுவாடும் சுற்றுலாவும்

குடும்பமாக ஊர் சுற்றக் கிளம்பும்போது எங்கே போவது, எதில் போவது, எங்கே தங்குவது என்றெல்லாம் நாள்கணக்கில் பேசுகிறோம். பணம் யார் கையில் இருக்கும் என்று மட்டும் பேசுவதில்லை. அது எப்போதோ முடிவாகிவிட்ட விஷயம்போல நடக்கிறது. ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் சர்வர் பில்லை யார் முன்னால் வைக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சட்டமும் வங்கியும் வழக்கமும் சேர்ந்து நெடுங்காலமாகக் கற்றுக்கொடுத்ததையே அவரும் செய்கிறார்.

ரயிலுக்கு முந்தைய தமிழகத்தில் குடும்பப் பயணம் என்றால் பெரும்பாலும் யாத்திரைதான். கையில் கட்டுச்சோறு, வழியில் சத்திரம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் அவர் பெயரில் சத்திரம் உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய சத்திரம் முத்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரைத் தாங்கியது. சத்திரத்தில் சோற்றுக்கும் இடத்துக்கும் காசு கிடையாது. எனவே யாத்திரை போன சாதாரணப் பெண்ணுக்கு உண்டியலுக்கும் வளையலுக்கும் முந்தானை முடிச்சில் இருந்த காசே போதுமானதாக இருந்தது. இதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சோறு எல்லாச் சாதிக்கும் ஒரே பந்தியில் கிடைக்கவில்லை. ஆனாலும் வழிப்பயணத்தில் பசியும் தங்குமிடமும் ஒரு ஆணின் பணப்பையை மட்டுமே நம்பியிருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரயிலும் ஓட்டலும் வந்தபின் ஒவ்வொரு வேளைக்கும் விலை வந்தது. தூரப் பயணத்தில் பணத்தைப் பத்திரமாகக் கொண்டுபோவது பெரிய கேள்வியானது. 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் டிராவலர்ஸ் செக்கைக் கொண்டுவந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால்தான் பணம். திருடனிடமிருந்து பாதுகாக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் கையெழுத்திட்டவர் யாரோ அவரே பணத்துக்கு உரியவர் என்பதையும் அது எழுத்தில் ஆக்கியது. குடும்பத்தில் ஒருவர் பெயரில் மட்டும் செக்குகள் இருந்தால், அந்நிய ஊரில் அவர் காய்ச்சலில் படுத்தாலும் கோபித்துக்கொண்டு வெளியே போனாலும் மற்றவர்களுக்கு அவை வெறும் காகிதங்கள்.

பெண் கையெழுத்துப் போடலாமா, போட்டால் செல்லுமா என்பது சட்டத்தின் கேள்வி. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்திருக்கும் முழு உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. இந்தியாவில் 1874இல் வந்த மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், மனைவி சம்பாதிக்கும் கூலி அவளுடைய தனிச்சொத்து என்றது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களை விட்டுவிட்டது. அதாவது, இந்நாட்டின் மிகப் பெரும்பான்மைப் பெண்களை. சீதனம் என்ற பெயரில் நம்மிடம் ஏற்கெனவே ஓர் உரிமை உண்டே என்பார்கள். ஏட்டில் உண்டு. இந்துப் பெண் தன் வசமுள்ள சொத்துக்கு முழு உரிமையாளர் என்று தெளிவாகச் சொல்ல 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் வரவேண்டியிருந்தது.

முன்னேறிய நாடு என்று சொல்லப்படும் அமெரிக்காவின் கதையும் பெரிதாக வேறல்ல. 1950இல் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. கையில் காசில்லாமல் ஓட்டலில் சாப்பிடலாம், ஊர் ஊராகப் போகலாம். ஆனால் மணமான பெண் கடன் அட்டை கேட்டால், வேலையும் சம்பளமும் இருந்தாலும் கணவர் கையெழுத்தைக் கேட்பது சாதாரணமாக இருந்தது. 1974இல்தான் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் இதைத் தடைசெய்தது. சட்ட முன்வரைவில் பாலினமும் மணநிலையும் விடுபட்டிருந்ததைக் கண்ட லிண்டி போக்ஸ் என்ற உறுப்பினர், அவ்விரு சொற்களையும் தன் கையாலேயே எழுதிச் சேர்த்து, விடுபட்டது கவனப்பிசகாகத்தான் இருக்கும் என்று குழுவினரிடம் சிரித்தபடி நீட்டினார். பெண்கள் தம் பெயரில் அட்டை வைத்துக்கொண்டு ஊர் போவதற்கான சட்டக் காப்பின் வயது ஐம்பதைச் சற்றுத் தாண்டியதுதான்.

நம் வீடுகளில் இதற்கெல்லாம் இணையாக ஓடிய நிதி ஏற்பாட்டின் பெயர் சிறுவாடு. அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சேர்ந்த அந்தப் பணம் ஊருக்குப் போகும்போது சுருக்குப்பையில் ஏறி இடுப்புக்கு வரும். எண்பதுகளில் நாங்கள் கொடைக்கானல் போனபோது வேன் வாடகையும் அறை வாடகையும் அப்பா கொடுத்தார். சோளக்கதிர், பலூன், தம்பியின் காய்ச்சலுக்கு மாத்திரை, அறையைக் கூட்டியவருக்குக் கொடுத்த காசு எல்லாம் அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து வந்தன. திரும்பிவந்து எல்லோரும் சொன்னது, “அப்பா கூட்டிக்கொண்டு போனார்” என்பதுதான். பெரிய செலவு கணக்கில் ஏறும், சின்னச் செலவு கரைந்துபோகும். பெண்ணின் பங்களிப்பு மறைவது இப்படித்தான். கணக்கு எழுதாத பணத்துக்கு வரலாறும் எழுதப்படுவதில்லை.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது இந்தச் சிறுவாடு முழுவதும் ஒரே நாளில் வெளியே வரவேண்டியதாயிற்று. பல பெண்கள் முதன்முறையாகத் தங்கள் சேமிப்பின் அளவைக் கணவரிடம் சொல்ல நேர்ந்தது. 2,11,500 ரூபாய் வங்கியில் செலுத்திய ஓர் இல்லத்தரசியிடம் வருமான வரித்துறை விளக்கம் கேட்டு வரி விதித்தது. ஆக்ராவிலுள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் அதை ரத்து செய்தது. அக்காலத்தில் இல்லத்தரசிகள் செலுத்திய இரண்டரை லட்சம் வரையிலான தொகையைக் கணக்கில் வராத வருமானமாகக் கொள்ளக் கூடாது என்றது. சிறுவாடு என்ற சொல் இல்லாமலே சிறுவாட்டுக்கு ஒரு சட்ட ஒப்புதல் கிடைத்தது.

அதே 2016 ஏப்ரலில் யுபிஐ அறிமுகமாகியிருந்தது. இன்று மலைவாசத்தலத்தில் சோளக்கதிர் விற்பவரிடமும் கியூஆர் அட்டை இருக்கிறது. சில்லறை மறைய மறைய சுருக்குப்பையின் வேலையும் மறைகிறது. அம்மா தன்னிச்சையாகக் கொடுத்த பத்து ரூபாயை இப்போது அப்பாவின் போன் கொடுக்கிறது. வங்கி வழங்கும் துணை அட்டையில் மனைவி பெயர் இருக்கும். ஆனால் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் பட்டியல் முதன்மை அட்டைக்காரருக்குப் போகும். 2024இல் யுபிஐ சர்க்கிள் வந்தது. முதன்மைப் பயனர் தன் கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய் வரை செலவழிக்க இன்னொருவரை அனுமதிக்கலாம். அல்லது ஒவ்வொரு செலவுக்கும் தானே ஒப்புதல் தரலாம். முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது வசதிதான். ஆனால் ‘இரண்டாம் நிலைப் பயனர்’ என்ற சொல்லைப் படிக்கும்போது, எத்தனை வீடுகளில் அது மனைவியைக் குறிக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. தேநீருக்குக்கூட இன்னொரு போனில் ஒப்புதல் வரவேண்டிய ஏற்பாட்டில் சிறுவாட்டுக்கு இடமில்லை.

மறுபக்கம் வேறு திசையிலும் காரியங்கள் நடந்திருக்கின்றன. 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. யாரிடமும் காசு கேட்காமல் வீட்டு வாசலைத் தாண்ட முடிந்தது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாயைப் பெண்ணின் பெயரிலுள்ள கணக்கிலேயே செலுத்துகிறது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்திலும் வீட்டு வேலையால் பங்களித்த மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.வி. நாகரத்னா, இல்லத்தரசிக்குக் கணவர் கூட்டு வங்கிக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று தன் தீர்ப்பில் எழுதினார். வீட்டுக்குள் பேசப்படாத விஷயத்தை நீதிமன்றம் பேசவேண்டியிருக்கிறது.

ரொக்கமா, அட்டையா, யுபிஐயா என்பது சுற்றுலாவுக்கு முன் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதைவிட முக்கியமானது, அது யார் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்பது. பழக்கமில்லாத ஊரில் கணவருக்கு நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்ட முடியுமா? அவர் கை ஓங்கினால் குழந்தையோடு பேருந்தேறி வீடு திரும்ப முடியுமா? வீட்டில் இருக்கும்போது அக்கம்பக்கம் உண்டு, கைமாற்று உண்டு, அம்மா வீடு உண்டு. பயணத்தில் அவை எதுவும் கூட வருவதில்லை. கூட வருவது கையிலிருக்கும் பணம் மட்டும்தான். திரும்பிவரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தன் பெயரில், தன் கையில் வைத்திருக்கும் பெண்ணைத்தான் சுற்றுலா வந்தவள் என்று நான் சொல்வேன். அது இல்லாதவள் கூட்டிவரப்பட்டவள்.